வயலுக்கு மேலே இன்னொரு சுற்று

"எஞ்சின் நின்னுருச்சு. அல்லாஹ்ட நாட்டம், நம்ம என்ன செய்ற?"

வாசலில் ஸலாம் சொல்லி நுழைந்த ஒவ்வொருவரின் கையையும் இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு மக்கீன் ஹாஜியார் இதையே சொன்னார். உள்ளே ஜன்னலோரம் உட்கார்ந்து, மையித்தைக் குளிப்பாட்டும் கடைசித் தண்ணீரில் கலப்பதற்காகக் கற்பூரம் பொடித்துக்கொண்டிருந்தாள் அவருடைய மகள் றிஸ்மியா. அந்த வார்த்தை காதில் விழும்போதெல்லாம் அவளுடைய கை நின்றது. எஞ்சின் நிற்கவில்லை. அது அவளுக்குத் தெரியும். வாப்பாவுக்கும் தெரியும்.

நடுக்கூடத்தில் வெள்ளைத் துணிக்குக் கீழே கிடந்தவன் அவளுடைய தம்பி ரிஸ்வி. தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் மரக்கறி மொத்த வியாபாரம். லொறிக்காரர்கள் அவனை 'பைலட் முதலாளி' என்றுதான் கூப்பிடுவார்கள். தக்காளி விலை விழுந்த நாளில்கூடச் சிரித்துக்கொண்டு நிற்பான். கேட்டால், சனிக்கிழமை வருகிறதே என்பான். சனிக்கிழமை வந்தால் சீகிரியா ஓடுபாதைக்குப் போய், சிநேகிதர்களோடு பங்கு போட்டு வாங்கிய இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானத்தில் ஏறிவிடுவான். ஏறினால் சும்மா இருப்பானா? பல்லேபொலையில் இருக்கும் வாப்பா வீட்டுக்கு மேலே ஒரு சுற்று வந்துவிட்டுத்தான் போவான். வீட்டார் எல்லோரும் 'ஸ்லெப்பு' என்று அவர்கள் சொல்லும் மொட்டை மாடிக்கு ஓடி வெள்ளைப் பெட்ஷீட் ஒன்றை ஆட்டுவார்கள். பெட்ஷீட்டைத் தலைக்கு மேலே சுழற்றினால் 'இன்னொரு தடவை வா' என்று அர்த்தம். இது எப்போது, யார் தொடங்கிய வழக்கம் என்று எவருக்கும் நினைவில்லை. ஆனால் ஊருக்கே தெரியும். சந்திக் கடையில் தேத்தண்ணி குடிப்பவர்கள்கூட சனிக்கிழமையானால் அண்ணாந்து பார்ப்பார்கள்.

நேற்று றிஸ்மியாவின் மகள் நிப்லாவைப் பெண் பார்க்க அக்குறணையிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். மாமன் வானத்தில் வருவான் என்று ஹாஜியார் முன்கூட்டியே பெருமையடித்து வைத்திருந்தார். ரிஸ்வியும் சொன்ன வாக்குத் தவறாமல் வந்தான். என்ன செய்வது, அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் வட்டிலப்பம் சாப்பிடுவதில் மும்முரமாக இருந்தார்கள். அவர்கள் கைகழுவிவிட்டு மாடியேறி வருவதற்குள் விமானம் மலைப்பக்கம் போய்விட்டது. ஹாஜியாருக்கு முகம் செத்துப் போனது. கொடியில் காய்ந்துகொண்டிருந்த பெட்ஷீட்டை இழுத்தெடுத்து, எழுபது தாண்டிய அந்த மனிதர் அதைத் தலைக்கு மேலே சுழற்றினார், சுழற்றினார், கை ஓயும்வரை சுழற்றினார்.

ரிஸ்வி திரும்பினான். இந்த முறை தென்னை மரங்களை உரசுவதுபோல் தாழ வந்தான். எல்லோருக்கும் முகம் தெரியட்டும் என்றோ என்னவோ, மெதுவாகவும் வந்தான். எஞ்சின் சத்தம் நெஞ்சுக்குள் அதிர்ந்தது. வீட்டைத் தாண்டியதும் வயலுக்கு மேலே சட்டென்று ஒரு பக்கம் சாய்த்துத் திருப்பினான். சாய்ந்த சிறகு நிமிரவேயில்லை. வயல் சேற்றில் மூக்குக் குத்தும்வரை எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

றிஸ்மியா எழுந்து பின்கட்டுக்குப் போனாள். அங்கே மாமரத்தடியில் ஹுஸ்னி தொலைபேசியும் கையுமாக நின்றான். ரிஸ்வியோடு ஒன்றாய்ப் பறக்கப் பழகியவன், விமானத்தில் பங்காளி. அவன் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"நிதுஷன் ரன்வேயில ரெடியா நிக்கிறான் ராத்தா," என்றான். "மையித்து வச்ச சந்தூக்கைத் தூக்கினதும் நான் கோல் பண்ணுவேன். அவன் நம்ம கழகத்துட மத்தப் ப்ளேனை எடுத்து இங்க வந்து, அடக்கம் பண்ற மையவாடிக்கு மேல தாழ ஒரு சுத்து சுத்திட்டுப் போவான். ரிஸ்வி நானாவுக்கு ஒரு மரியாதை. ஹாஜியார்தான் கேட்டாங்க."

நிதுஷன் மாத்தளை டவுன் பிள்ளை. பறக்கும் கழகத்திலேயே இளையவன். ரிஸ்வி அண்ணன், ரிஸ்வி அண்ணன் என்று அவனையே சுற்றிக்கொண்டு திரிந்தவன். ரிஸ்வி எப்படிச் சட்டை மடிப்பானோ அப்படி மடிப்பான். ரிஸ்வி எப்படித் திருப்புவானோ அப்படித்தான் அவனும் திருப்புவான்.

"ஹுஸ்னி, நான் ஸ்லெப்புல நின்னு கண்ணால பார்த்தேன். எஞ்சின் நிக்கல்ல. மெதுவா வந்தான், இறுக்கித் திருப்பினான், அப்படியே விழுந்துட்டான்."

ஹுஸ்னி மாமரத்தைப் பிடித்துக்கொண்டான்.

"ஸ்டோல்," என்றான் கடைசியில். "வேகம் இல்லாம இறுக்கித் திருப்பினா சிறகுக்குக் காத்து புடிக்காது ராத்தா. உள்பக்கம் அப்படியே சரிஞ்சிரும். மேலால இருந்தா மூக்கைக் கீழ விட்டு, வேகம் எடுத்துத் தப்பலாம். தாழ இருந்தா அதுக்கு எடம் எங்க? இதெல்லாம் எங்களுக்கு ஆரம்பத்துலயே சொல்லித் தந்தது. ஆனா நம்மட வீடு தெரிஞ்சதும் எல்லாருக்கும் மறந்துரும். நானும் கலேவெலயில எங்கட வீட்டுக்கு மேல இதைத்தான் செய்றேன்."

"அப்ப நிதுஷனை நிப்பாட்டு."

"ஹாஜியார் வாயால கேட்டாங்களே! மகனைப் பறிகொடுத்த மனுஷன்ட்ட இல்லைன்னு எப்படிச் சொல்ற? உயரமாப் போகச் சொல்றேன்."

"வெளிய போய்ப் பாரு, ஸ்லெப்பு நெறைய ஆக்கள். போனோட நிக்கிறாங்க. உயரமாப் போனா யாரு பாக்குற? கையைக் காட்டினா அவனும் கீழ வருவான். என்ட தம்பி வரல்லையா?"

ஹுஸ்னி தலையைக் குனிந்துகொண்டான். இவனை நம்பிப் பயனில்லை என்று அவளுக்குப் புரிந்தது. நல்ல பிள்ளைதான்; ஆனால் பெரியவர்கள் முன்னால் வாய் திறக்கத் தெரியாத நல்ல பிள்ளை. ரிஸ்வியும் அப்படித்தான் இருந்தான்.

றிஸ்மியா அப்படியல்ல. மாத்தளையில் கார் ஓட்டப் பழக்கும் பள்ளி நடத்துபவள். மீசை முறுக்கிய ஆண்பிள்ளைகளையெல்லாம் பக்கத்தில் உட்கார வைத்து, 'ரோட்டுல படம் காட்டுறதுன்னா எறங்கி நடந்து போங்க' என்று அதட்டிப் பழகியவள். தம்பியிடமும் அதைச் சொல்லியிருக்கிறாள். அவன் சிரித்துவிட்டு, வானத்தில் டிரஃபிக் பொலிஸ் இல்லை ராத்தா என்பான். அந்தச் சிரிப்பை நினைத்ததும் அவளுக்கு அவனை அடிக்க வேண்டும்போல் ஆத்திரமும், கட்டிப் பிடித்து அழ வேண்டும்போல் ஆசையும் ஒன்றாக வந்தன. இரண்டுக்கும் இனி வழியில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வாப்பாவைத் தேடிப் போனாள்.

ஹாஜியார் தொழுகைப் பாயில் தனியாக இருந்தார். அவள் கதவைச் சாத்தினாள்.

"வாப்பா, நிதுஷனை வர வேணாம்னு சொல்லுங்க."

"ஏன் மகள்? பிள்ளைக்கு ஒரு மரியாதை செய்யட்டும்."

"அவனும் விழுவான்."

"எஞ்சின் நின்னதுக்கு..."

"எஞ்சின் நிக்கல்ல வாப்பா."

பக்கத்து அறையில் ரிஸ்வியின் மனைவி பஸ்லா குர்ஆனிலிருந்து யாஸீன் ஓதிக்கொண்டிருந்தது சுவருக்கு இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது. ஹாஜியார் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அல்லாஹ் அவனுக்கு எழுதின அஜல் முடிஞ்சிச்சு. அதை யாரால தடுக்க ஏலும்?"

"அஜல் அல்லாஹ்ட கையில. நான் இல்லைன்னு சொல்லல்ல. ப்ளேன் அவன்ட கையிலதானே இருந்திச்சு."

"அப்ப என்ன சொல்லச் சொல்ற?" அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "என்ட பிள்ளையை நானே துணியைச் சுத்திக் கூப்பிட்டுக் கொன்னேன்னு ஊரைக் கூட்டிச் சொல்லச் சொல்றியா?"

அவர் காலையிலிருந்து வாசலில் நின்று அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தது ஊரை நம்பவைப்பதற்காக அல்ல, தன்னை நம்பவைப்பதற்காகத்தான் என்று றிஸ்மியாவுக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் பாயில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்க கூப்பிட்டீங்க. அது உண்மை. நானும் பார்த்துக்கிட்டுத்தான் நின்னேன், தடுக்கல்ல. ஆனா வாறதா வேணாமான்னு முடிவெடுக்க வேண்டியவன் அவன்தான் வாப்பா. பைலட் அவன். மாப்பிள்ளை வீட்டார் பார்க்காட்டிப் பரவாயில்லைன்னு போயிருக்கணும். போகல்ல. நம்மட பிள்ளை பிழை விட்டுட்டான். நல்ல பிள்ளைதான், பிழை விட்டுட்டான்."

அவர் மடியிலிருந்த தொப்பியை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

"எஞ்சின்னு சொன்னா எல்லாரும் எஞ்சினைத் திட்டிட்டு, அடுத்த சனிக்கிழமை வீட்டுக்கு மேல தாழப் பறப்பாங்க. அந்தப் பொடியன்ட உம்மா வாப்பாவும் இப்படி ஒரு அறையில உக்காரணுமா?"

கதவைத் தட்டினார்கள். குளிப்பாட்ட நேரமாகிவிட்டது. ஹாஜியார் தொப்பியைப் போட்டுக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே எழுந்து போனார்.

கஃபன் துணியால் சுற்றி, முகத்தை மட்டும் திறந்து பெண்களுக்குக் காட்டினார்கள். நெற்றியில் ஒரு காயம். மற்றபடி ரிஸ்வி எதையோ சொல்ல வந்து மறந்துபோனவன்போல் இருந்தான். றிஸ்மியா அவன் காதருகே குனிந்து ஸலாம் சொன்னாள். சந்தூக்கை முற்றத்துக்குக் கொண்டு போனார்கள்.

மையித்தைத் தூக்குவதற்கு முன்னால் வீட்டார் ஒருவர் முன்னே வந்து, மௌத்தானவர் யாருடைய மனதையாவது நோகடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளும்படி கேட்பது வழக்கம். முற்றம் நிறைய ஆண்கள். மதிலுக்கு வெளியே தம்புள்ளையிலிருந்து வந்த லொறிக்காரர்கள் நின்றார்கள். மாடியில் தொலைபேசிகளோடு ஒரு கூட்டம் சீகிரியாப் பக்கத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்ற றிஸ்மியாவுக்கு ஹுஸ்னியின் கை மட்டும்தான் கண்ணில் பட்டது. விரல் தொலைபேசி மேலேயே இருந்தது.

ஹாஜியார் சந்தூக்கின் தலைமாட்டில் வந்து நின்றார்.

"என்ட மகன் ரிஸ்வி யாருக்காச்சும் மனசு நோக நடந்திருந்தா, அல்லாஹ்வுக்காகப் பொருந்திக்கோங்க," என்றார்.

"பொருந்திக்கிட்டோம்," என்றது கூட்டம். நாலு பேர் தூக்குவதற்குக் குனிந்தார்கள்.

"கொஞ்சம் பொறுங்க."

குனிந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

"காலையில இருந்து நான் ஒங்க எல்லாருக்கும் பொய் சொன்னேன். எஞ்சின் நிக்கல்ல. நல்லாத்தான் ஓடிச்சு. வந்த விருந்தாளிக்குக் காட்டணும்னு நான் பெட்ஷீட்டைச் சுத்தினேன். அவனும் வாப்பாட பேச்சைத் தட்டாம வந்துட்டான். தாழ வந்தான். மெதுவா வந்து இறுக்கித் திருப்பினான். தப்பிக்க எடம் இல்லாமப் போச்சு. விசாரணைக்கு வாறவங்களுக்கும் நான் இதைத்தான் சொல்லுவேன்." அவர் மூச்சு வாங்கினார். "என்னையும் பொருந்திக்கோங்க. இன்னைக்கு எங்கட வீட்டுக்கு மேல யாரும் பறக்க வேணாம்."

இதற்கு என்ன பதில் சொல்வதென்று அந்த ஊருக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. பிறகு எங்கோ பின்னால் ஒரு கிழவர், "பொருந்திக்கிட்டோம் ஹாஜியார்," என்றார். அதற்குப் பின் எல்லோரும் சொன்னார்கள். மாடியிலிருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கத் தொடங்கினார்கள்.

ஹுஸ்னி தொலைபேசியைக் காதில் வைத்தான்.

"நிதுஷன், எஞ்சினை ஓஃப் பண்ணுங்க," என்றான். அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும். "இல்ல, ப்ளேன்ல இல்ல. மெதுவா ரோட்டால வாங்க. மையவாடியில நிக்கிறோம்."

தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, ஓடிப் போய் சந்தூக்கின் முன்கால் ஒன்றைத் தோளில் ஏற்றினான். ஹாஜியார் பின்னால் ஒரு காலைப் பிடித்தார். வேண்டாம் என்று விலக்கப் போன ஒருவர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கினார். பெண்களின் அழுகை வீடு முழுக்க எழுந்தது. றிஸ்மியாவும் வாய்விட்டு அழுதாள். ஆனாலும் ஜன்னலை விட்டு நகரவில்லை.

கலிமா சொல்லிக்கொண்டு கூட்டம் வயலோரமாகப் போனது. வாய்க்கால் மதகடியில் பாதை சட்டென்று இடது பக்கம் மடங்குகிறது. அங்கே முன்னால் போனவர்கள் நடையைத் தளர்த்தினார்கள். பின்னால் வந்தவர்களுக்கு ஹுஸ்னி ஏதோ சொன்னான். சந்தூக் கொஞ்சம்கூடச் சாயாமல், பாதையின் வெளிவிளிம்பு வரை அகலமாய்ப் போய், மெதுவாகத் திரும்பியது.