தாடைத் தழும்பு

தங்கை கள்ள வேலை பார்க்கிறாள் என்று ஓவியரின் மனதில் பட்டுவிட்டது. அப்படி ஒன்று பட்டுவிட்டால் அவருக்குத் தொண்டையில் சோறு இறங்காது.

அண்ணனும் தங்கையும் ஒரு கடையின் மாடியில் சேர்ந்து தொழில் செய்தார்கள். புகைப்படம் கொடுத்தால் எண்ணெய் வண்ணத்தில் ஆள் உருவம் வரைந்து தருவார்கள். ‘கண்ணால் பார்த்து, கையால் வரைந்தது’ என்று வாசல் பலகையில் அவரே எழுதி, கீழே இருவர் பெயரையும் போட்டிருந்தார். டேப்லெட்டில் படத்தை ஏற்றி, கேன்வாஸ் மேல் வெளிச்சமாக விழவைத்து, கோட்டின் மேலேயே கோடு இழுப்பதற்கு அவர் வைத்திருந்த பெயர் காப்பியடிப்பது. தங்கை டேப்லெட் வாங்கிய அன்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். நிறத்தைப் பெரிதாக்கிப் பார்க்க மட்டும்தான் என்று அவள் சொன்னதும், போனால் போகிறது என்று விட்டார்.

இப்போது பார்த்தால் அவர் காலை நடை போகும் நேரம் பார்த்து அவள் வந்துவிடுகிறாள். உள்ளே தாழ்ப்பாள். இவர் படியேறும் சத்தம் கேட்டால்தான் கதவு திறக்கிறது. டேப்லெட் மேசையில் குப்புறக் கிடக்கிறது. வீட்டில் மனைவியிடம் குமுறினால், அவள் காதில் விழாத மாதிரி பாத்திரம் தேய்க்கிறாள். அவள் மேலும் ஒரு கண் வைக்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டார்.

அவர் வேலையில் குறை சொல்ல ஆள் கிடையாது. மேல்பாதி தூரத்துக்கும் கீழ்ப்பாதி கிட்டத்துக்குமான இரட்டைப் பவர் கண்ணாடி போட்ட புதிதில் டாக்டரம்மா ஒருத்தி ‘இது என் முகமே இல்லை’ என்று படத்தைத் திருப்பி அனுப்பினாள். அவளுக்கு ரசனை போதாது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு முணுமுணுப்பு உண்டா? ஒரு ராத்திரி ஆறவிட்டால் தன் படம் காலையில் இன்னும் களையாகத் தெரியும் என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பார்.

அப்போதுதான் லாரி முதலாளியின் மகன்கள் வந்தார்கள். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. செத்துப்போன அப்பா படம் ஆளுக்கொன்று வேண்டும். ஒன்றை ஓவியரும் மற்றதைத் தங்கையும் எடுத்துக்கொண்டார்கள். முதலாளியின் தாடையில் வெட்டுக்காயத் தழும்பு ஒன்று உண்டு. அது இல்லாவிட்டால் அது எங்கள் அப்பாவே இல்லை என்று இரண்டு மகன்களும், தங்கை இல்லாத நேரத்தில், அவரிடம் தனித்தனியாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

ஓவியருக்குப் பொறி தட்டியது. தங்கை மதியம் சாப்பிடப் போனதும் டேப்லெட்டை எடுத்தார். கல்யாணப் போட்டோவில் பருவை விரலால் தேய்த்து அழிக்கிற வித்தையை அவள்தான் ஒருநாள் அவருக்குக் காட்டியிருந்தாள். அதே வித்தையில் தழும்பைத் துடைத்துவிட்டார். அச்சுப் போட்டோவைப் பார்த்து வரைந்தால் அவள் படத்தில் தழும்பு வரும். டேப்லெட்டிலிருந்து காப்பியடித்தால் வராது. வராவிட்டால் பலகையில் அவள் பெயரை அன்றைக்கே அழித்துவிடுவது என்று முடிவு கட்டிவிட்டார்.

மறுநாள் பாதி நடையிலேயே திரும்பினார். கதவு திறந்திருந்தது. தங்கை குழாயடியில் தூரிகை கழுவிக்கொண்டிருந்தாள். நேரே அவள் கேன்வாஸுக்குப் போனார். கண்ணும் மூக்கும் முடிந்திருந்தன, தாடைப் பக்கம் இன்னும் வெறுமை. சலித்துக்கொண்டு தன் படத்தின் பக்கம் திரும்பினார்.

அதில் தழும்பைக் காணோம்.

அவர் ரசித்து ரசித்துப் போட்ட தழும்பு. விரலை வைத்தார். ஈரம் ஒட்டியது. காப்பியடிப்பதுகூடப் பரவாயில்லை, தன் படத்தைக் கெடுக்கிற அளவுக்கா பொறாமை?

போட்ட கூப்பாட்டில் தங்கை ஈரக் கையோடு ஓடி வந்தாள். அவர் விரலில் ஒட்டியிருந்த வண்ணத்தைப் பார்த்ததும் மாட்டிக்கொண்டது புரிந்துவிட்டது அவளுக்கு. டேப்லெட்டைத் திறந்து நீட்டினாள். புகைப்படத்தின் மேல் அவர் வரைந்த முகம் கண்ணாடித்தாள் போலப் படிந்திருந்தது. நெற்றி, கண், மூக்கு எல்லாம் அச்சாகப் பொருந்தின. வாய்க்குக் கீழே தாடை ஒரு விரல் அகலம் தொங்கியது. தள்ளத் தள்ள வேறு முகங்கள் வந்தன. அவர் வரைந்தவைதான். அத்தனைக்கும் தாடை தொங்கியது.

“நீ தலைய வெச்சுப் பாக்குற விதத்துல, கண்ணாடியில இருக்குற கோடு போட்டோவப் பாதியா வெட்டுதுண்ணா. கீழ்ப்பாதி பெருசாத் தெரியுது. நீயும் பெருசாப் போட்டுடற. நீ நடை போற நேரத்துல நான்தான் சரி பண்ணி வெப்பேன்.”

“எப்போலேர்ந்து இந்த வேலை?”

“டாக்டரம்மா படம் திரும்பி வந்துச்சே, அப்போலேர்ந்து. உன்கிட்ட சொன்னா நீ உடைஞ்சு போயிடுவேன்னு அண்ணிதான் சொல்ல வேணாம்னாங்க.”

ராத்திரி விட்டால் களை கூடுவதாக அவர் ஊரெல்லாம் சொன்னது நினைவுக்கு வந்தது. எத்தனை பேர் பாராட்டைக் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டோம் என்று உடம்பு கூசியது. ஆனாலும் வாய் அடங்கவில்லை. தழும்பை எதற்கு எடுத்தாய் என்று கேட்டார்.

“டேப்லெட்ல பெருசாக்கிப் பாத்தேன், தழும்பே இல்ல. அதுவும் உன் கண்ணாடி செஞ்ச வேலைன்னு நெனச்சுட்டேன்.”

சொல்லும்போதே அவளுக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும். ஸ்டாண்டில் குத்தியிருந்த அச்சுப் போட்டோவைப் போய்ப் பார்த்தாள். தழும்பு இருந்தது. டேப்லெட்டைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். அவர் பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பினார்.

“நீயா அழிச்சே?”

அவர் விரலில் இருந்த வண்ணத்தைத் துடைத்துக்கொண்டார்.

“என்னைப் பிடிக்கவா?”

அவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. தூரிகை எடுத்து, அச்சுப் போட்டோவைப் பார்த்து, அவர் படத்தில் தழும்பைத் திரும்ப வைத்தாள். டேப்லெட்டைப் பைக்குள் போட்டாள். இனிமேல் உன் படத்தைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தாள்.

ஓவியருக்குப் பயம் வந்தது. டாக்டரம்மா படம் திரும்பி வந்தபோதுகூட வராத பயம். அவசரமாகக் கரித்துண்டை எடுத்தார். தங்கையின் கேன்வாஸில் அவள் விட்டு வைத்திருந்த வெறும் தாடைப் பக்கம், போட்டோவை உற்றுப் பார்த்து, முடியும் இடம் இதுதான் என்று ஒரு கோடு வைத்தார்.

“பாப்பா, இது சரியான்னு சொல்லிட்டுப் போ.”

படியில் கால் வைத்தவள் நின்றாள். பிறகு வந்தாள். பையிலிருந்து எதையும் எடுக்காமல் வெறும் கண்ணால் பார்த்தாள். விரலை ஓர் இடத்தில் வைத்தாள். அவர் கோட்டுக்கு ஒரு விரல் அகலம் மேலே இருந்தது அது.

அவர் தன் கோட்டைக் கட்டைவிரலால் அழித்துவிட்டு, அவள் விரல் இருந்த இடத்தில் போட்டார்.