மொக்கைச்சாமி கேட்ட மூடி

முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவே காலகாலமாக நின்ற மதில், 1988 ஆவணியில் ஒரு புதன்கிழமை மத்தியானம் மூன்றேகால் மணிக்கு, இராஜபாளையத்தில் இடிந்து விழுந்தது. மேனேஜர் பொன்னுராஜ் முதல் கூட்டத்தில் அப்படித்தான் பேசினார். விழுந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கார்டிங்கில் பன்னிரண்டு மெஷினும் பஞ்சைச் சீவிக்கொண்டிருந்தன. அதற்குள் உளுந்த வடையும் வந்துவிட்டது.

சர்க்கார் புதுச் சட்டம் போட்டிருந்தது. மில்லில் பாதுகாப்புக் கமிட்டி அமைக்க வேண்டும். அதில் பாதிப் பேர் தொழிலாளிகளாக இருக்க வேண்டும். அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். கேட்டதைச் செய்ய வேண்டும் என்று எங்கேயாவது போட்டிருக்கிறதா என்று பொன்னுராஜ் இரண்டு தடவை விசாரித்து, இல்லை என்று நிச்சயமான பிறகுதான் தேதி குறித்தார்.

அதை விசாரித்துச் சொன்னவர் மில்லின் லேபர் ஆபீஸ் கிளார்க் ஐயாதுரை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினம் பஸ்ஸில் வந்துபோகிறவர். அவர் கையெழுத்து அச்சுக் கோத்த மாதிரி இருக்கும். அந்த ஒரு தகுதியில் கமிட்டிக்குச் செயலாளர் ஆனார். கூட்ட அறையை ஜோடித்ததும் அவர்தான். பழைய சாக்கு ரூமுக்கு வெள்ளையடித்து, மேஜைக்குப் பச்சைத் துணி விரித்து, எட்டு நாற்காலி போட்டார். மேனேஜர் குனிந்து தண்ணீர் மொள்ள வேண்டியிருக்குமே என்று, ஸ்டோரிலிருந்து ஒரு இரும்பு மனை வாங்கி வந்து அதன்மேல் பானையை ஏற்றி, மனையைச் சுற்றிலும் மிச்சப் பச்சைத் துணியைப் பாவாடையாகக் கட்டிவிட்டார். அந்தக் கமிட்டியில் முழுசாக நிறைவேறிய முதல் யோசனை அதுதான்.

தொழிலாளர் பக்கம் நாலு பேர். அதில் ஒருவர் கார்டிங் மொக்கைச்சாமி. சேத்தூர்க்காரர். இருபத்திரண்டு வருஷ மில் இரைச்சலில் காது மந்தமாகிவிட்ட ஆள் என்பதால் தொந்தரவு இருக்காது என்று பொன்னுராஜே அவரைத் தேர்ந்தெடுத்தார். காது மந்தமானவர்கள் உரக்கப் பேசுவார்கள் என்பதை மேனேஜர் யோசிக்கவில்லை.

பேசுவதற்கு முன்னால் மொக்கைச்சாமி விரல் முட்டியால் மேஜையில் ஒரு தட்டுத் தட்டுவார். டொக். செத்த நேரம் விட்டு இன்னொன்று. டொக். பிறகு, புருவத்தில் பஞ்சுத் துகள் ஒட்டியிருக்க, எழுந்து நின்று சொல்வார்.

"ஏழாம் நம்பர் மிசினு பெல்ட்டுக்கு மூடி இருந்துச்சு. ஓவராயில் ரிப்பேருக்குக் கழட்டுனாவ. பொறவு காணல. அது எங்க?"

இப்படிப் பச்சையாக நோட்டில் எழுத முடியுமா? ஐயாதுரை எழுதினார்: 'பொருள் 4. உறுப்பினர் திரு. மொக்கைச்சாமி அவர்கள் ஏழாம் எண் கார்டிங் இயந்திரத்தின் பெல்ட்டுக்கு மூடி அமைக்கக் கோரினார். கோரிக்கை நன்றியுடன் ஏற்கப்பட்டது. கோயம்புத்தூரிலிருந்து தருவிக்க ஆவன செய்யப்படும்.'

மறுமாதமும் மொக்கைச்சாமி தட்டினார், எழுந்தார், அதையே சொன்னார். ஐயாதுரை போன மாத நடவடிக்கையைப் பார்த்து, தேதியை மட்டும் மாற்றி, அப்படியே எழுதினார். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். யாரும் வாசிக்கவில்லை; வடை தின்ற கையால் நோட்டைப் புரட்டினால் எண்ணெய் படும். பதினொரு மாதம் இப்படிப் போயிற்று. மூடி கோயம்புத்தூரிலிருந்து பதினொரு தடவை புறப்பட்டது.

1989 ஆடி பிறக்க நாலு நாள் இருக்கும்போது, ஏழாம் நம்பர் மெஷினின் பெல்ட், குனிந்து பஞ்சு அள்ளிக்கொண்டிருந்த மொக்கைச்சாமியின் துண்டைப் பிடித்தது. துண்டு கழுத்தில் இருந்தது.

பன்னிரண்டாவது கூட்டம் அடுத்த புதன்கிழமை. அவருடைய நாற்காலியை யாரும் எடுக்கவில்லை, யாரும் அதில் உட்காரவும் இல்லை. இரண்டு நிமிஷம் எழுந்து நின்று மவுனம் காத்தார்கள். அந்த மவுனத்தில்தான் ஐயாதுரைக்கு அது கேட்டது.

டொக்.

செத்த நேரம் விட்டு, டொக்.

அவர் தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் தூக்கிப் பார்த்தார். எதிரே தொழிலாளர் பக்கத்துக் கார்டிங் சோலைச்சாமி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பொன்னுராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேஜையில் யாருடைய கையும் இல்லை. காலி நாற்காலியில், மெஷினே இல்லாத அந்த அறையில், கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு பஞ்சு உட்கார்ந்திருந்தது.

மறுநாள் காலை ஐயாதுரை நோட்டைத் திறந்து பார்த்தார். பொருள் 1: திரு. மொக்கைச்சாமி அவர்களின் அகால மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல். பொருள் 4: உறுப்பினர் திரு. மொக்கைச்சாமி அவர்கள் ஏழாம் எண் இயந்திரத்துக்கு மூடி அமைக்கக் கோரினார், நன்றியுடன் ஏற்கப்பட்டது. அடியில் ஏழு கையெழுத்து. முதல் கையெழுத்து மேனேஜருடையது.

பார்த்து எழுதின பழக்க தோஷம் என்று ஐயாதுரை மனசைத் தேற்றிக்கொண்டார். ஆவணிக் கூட்டத்துக்குப் பழைய பக்கத்தைத் திறக்கவே இல்லை. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்படியும் கேட்டது. ஒவ்வொரு எழுத்தையும் பார்த்துப் பார்த்து எழுதினார். எழுதி முடித்து வாசித்தால் நாலாவதாக மொக்கைச்சாமி மூடி கேட்டிருந்தார்.

அன்றிலிருந்து ஐயாதுரை அந்த அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போனார். யார் கேட்டாலும் தரை வழுக்குகிறது என்று சொன்னார்.

இதற்கு நடுவில் மில்லிலிருந்து மொக்கைச்சாமி வீட்டுக்கு ரிஜிஸ்தர் தபாலில் ஒரு கடிதம் போயிருந்தது. தொழிலாளியின் சொந்தக் கவனக்குறைவால் விபத்து நேர்ந்தது என்றும், அந்த இயந்திரத்தைப் பற்றி இதுவரை எந்தப் புகாரும் வந்ததில்லை என்றும் அதில் கண்டிருந்தது. அச்சுக் கோத்த மாதிரிக் கையெழுத்து.

மொக்கைச்சாமியின் சம்சாரம் செல்லத்தாய், அந்தக் கடிதத்தோடு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு நாள் காலையில் ஐயாதுரையை மறித்தாள். அழவில்லை. ஏசவும் இல்லை. கடிதத்தை விரித்துக் காட்டி, இதை எழுதினது யாரென்று எனக்குத் தெரியாது, ஆனால் கூட்டத்தில் எழுதுகிறவர் நீங்கள்தான் என்று வீட்டுல அவிய சொல்லியிருக்காவ என்றாள்.

"மாசாமாசம் கூட்டத்துல போயி அந்த மூடியக் கேட்டேன்னு வீட்டுல வந்து சொல்லுவாவ. இப்ப அவிய கவனக்கொறவுன்னு போட்டிருக்கு. ஊருல குடிச்சிட்டு விழுந்தான்னு பேசுதாவ. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும் ஐயா. அவிய கேட்டாவளா, கேக்கலியா?"

நோட்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றார் ஐயாதுரை. பஸ் வந்தது. ஏறிக்கொண்டார். ஜன்னலோரம் இடம் இருந்தும் உள்பக்கமாகவே உட்கார்ந்தார்.

புரட்டாசியில் ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வருவதாகத் தகவல் வந்தது. கமிட்டி நோட்டைத் தயாராக வைக்கச் சொல்லியிருந்தார். பொன்னுராஜ் அப்போதுதான் அந்த நோட்டை முதல் தடவையாக வாசித்தார். வாசித்துவிட்டு ஐயாதுரையைக் கூப்பிட்டுவிட்டார்.

"நோட்டு ரொம்பக் கசங்கியிருக்கு. புதுசா ஒண்ணு எழுதிரும். நாலாவது பொருள் வேண்டாம்."

கையெழுத்துகளுக்கு என்ன செய்வது என்று ஐயாதுரை இழுத்தார். உயிரோடு இருக்கிறவர்களிடம் வாங்கிக்கொள்ளலாம், அவர்கள் எதில் வேண்டுமானாலும் போடுவார்கள் என்றார் பொன்னுராஜ். செத்தவருடையதை நீரே போட்டுவிடும், உம்ம கைக்கு வராத எழுத்தா என்றும் சொன்னார். புகழ்ச்சிதான். ஐயாதுரைக்கு அன்று அது ருசிக்கவில்லை.

மில் நிற்கிற ஞாயிற்றுக்கிழமையில் அவர் தனியாக வந்தார். வெளியே நல்ல வெயில். கார்டிங்கில் பன்னிரண்டு மெஷினும் போர்வை போர்த்திக்கொண்டு நின்றன. அந்த அறைக்குள் மெஷின் சத்தம் இல்லாமல் அவர் இருந்ததே இல்லை. தன் மூச்சு இவ்வளவு சத்தமாக வரும் என்பது அவருக்குத் தெரியாது.

முதல் மாதத்தை எழுத ஆரம்பித்தார். பொருள் ஒன்று. இரண்டு. மூன்று.

டொக்.

இன்றைக்கு அது மேஜையில் தட்டுகிற மாதிரிகூட இல்லை. அறையே தட்டுகிற மாதிரி இருந்தது. செத்த நேரம் விட்டு மறுபடியும். செல்லத்தாயின் கேள்வி ஞாபகம் வந்தது. காலி நாற்காலியைப் பார்த்து, "கேட்டீரு வே. நான் இல்லங்கலியே" என்று வாய்விட்டுச் சொன்னார். சொன்னதும் வேர்த்துவிட்டது. பானையில் ஒரு தம்ளர் மொண்டு குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு நிமிரவில்லை. குனிந்த தலையோடு பதின்மூன்று மாதத்தையும், மொக்கைச்சாமியின் கையெழுத்து உட்பட, எழுதி முடித்தார். பதினொரு மாதப் பழக்கத்தில் கை தானாக ஓடியது என்று சொல்லலாம். ஐயாதுரை அப்படிச் சொல்லவில்லை. வாசித்துப் பார்க்கவும் அவருக்குத் தைரியம் வரவில்லை. நோட்டை மூடி, மேலே கனமான பேரேடு ஒன்றை ஏற்றிவைத்துவிட்டுப் பஸ் ஏறினார்.

திங்கட்கிழமை காலையில் ஏழு பேரும் புது நோட்டில் கையெழுத்துப் போட்டார்கள். யாரும் வாசிக்கவில்லை. பொன்னுராஜ் பழைய நோட்டைத் தன் கையாலேயே கேண்டீன் அடுப்பில் போட்டுவிட்டு, இன்ஸ்பெக்டருக்குப் பால்கோவா வந்துவிட்டதா என்று கேட்டார்.

விசாரணை கமிட்டி அறையில்தான் நடந்தது. செல்லத்தாயையும் வரவழைத்திருந்தார்கள். அவள் நாற்காலி வேண்டாமென்று கதவோரம் நின்றாள். இன்ஸ்பெக்டர் நோட்டைப் புரட்டினார். ஒல்லியான மனிதர், வாசிக்கிற வழக்கம் உள்ளவர்.

மாதாமாதம் மூடி கேட்டிருக்கிறாரே என்றார். பொன்னுராஜ் ஐயாதுரையைத் திரும்பிப் பார்த்த பார்வையில் வேலை போய்விட்டது தெரிந்தது. செல்லத்தாய் ஒரு எட்டு முன்னால் வந்தாள். இன்ஸ்பெக்டர் இன்னும் இரண்டு பக்கம் புரட்டினார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆனியில இறந்தவர் ஆடியிலயும் ஆவணியிலயும் மூடி கேட்டிருக்கார். கையெழுத்தும் போட்டிருக்கார்."

நோட்டை மேஜையில் விரித்துக் காட்டினார். மொக்கைச்சாமியின் பதின்மூன்று கையெழுத்தும் ஒரே மையில், ஒரே மாதிரி இருந்தன. இது நேற்று எழுதின நோட்டு, இதை வைத்து எதையும் நம்ப முடியாது, அவர் கேட்டார் என்பதற்கும் இது சாட்சியில்லை என்று சொல்லி இன்ஸ்பெக்டர் நோட்டை மூடித் தள்ளி வைத்தார். பொன்னுராஜ் அதுவரை பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டார். செல்லத்தாய்க்கு என்ன நடந்தது என்று முதலில் புரியவில்லை. புரிந்ததும் முன்வைத்த காலைப் பின்னால் எடுத்துக் கதவோரமே போய் நின்றாள்.

அந்த நேரம் கரண்ட் போனது. சுவருக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு மெஷினும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

டொக்.

"யாரது தட்டறது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

மற்றவர்களுக்கும் கேட்கிறது என்பது ஐயாதுரைக்கு அப்போதுதான் தெரிந்தது. கை கூப்பி எழுந்து நின்றுவிட்டார்.

"மொக்கைச்சாமி சார்."

டொக்.

பொன்னுராஜ் எழுந்து கதவுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். சோலைச்சாமி மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டான். இரும்புச் சத்தம் அவனுக்குத் தெரியும். எழுந்து போய்ப் பானைக்குப் பக்கத்தில் குந்தினான். பானையின் அடியில் மயிரிழை மாதிரி ஒரு கீறல். அதில் ஒரு சொட்டு ஊறி, தொங்கி, பருத்து, கீழே மனையில் விழுந்தது. டொக். பானையை இறக்கி வைத்தான். பச்சைப் பாவாடையை அவிழ்த்தான். உள்ளே வெற்றுக் கூடாக, இரண்டு முழ நீளத்தில், வளைந்த விளிம்போடு ஒரு இரும்புப் பெட்டி கவிழ்ந்து கிடந்தது. அதைப் புரட்டிப் போட்டான். பக்கவாட்டில் வெள்ளைப் பெயிண்டில் கோணலாக 7 என்று எழுதியிருந்தது.

"இது அவிய போட்ட ஏழு" என்றாள் செல்லத்தாய். "வீட்டுல மண்ணெண்ண டின்னுலயும் இப்பிடித்தான் போடுவாவ."

பதின்மூன்று கூட்டமும் மொக்கைச்சாமியின் நாற்காலி அந்தப் பானைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. எழுந்து நின்று கேட்டுவிட்டு உட்காரும்போது அதிலிருந்து ஒரு தம்ளர் மொண்டு குடிப்பார்.

மூடியை மெஷினிலிருந்து அவரே கழற்றி எங்காவது போட்டிருக்கலாம் என்று பொன்னுராஜ் கடைசியாக ஒன்று சொல்லிப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் ஸ்டோர் கீப்பர் ரத்தினத்தைக் கூப்பிடச் சொன்னார். ரத்தினம் இருபது வருஷமாக ஒரு துண்டுச் சீட்டைக்கூடத் தூரப் போட்டதில்லை என்று பெருமைப்படுகிற ஆள். கம்பியில் குத்தியிருந்த கட்டோடு வந்து, எச்சில் தொட்டுப் புரட்டி, ஒரு மஞ்சள் சீட்டை உருவி நீட்டினார்.

தேதி, முதல் கூட்டத்துக்கு முந்தின நாள். ஏழாம் நம்பர் மெஷின் மூடி, ஒன்று. உபயோகம், கமிட்டி அறைப் பானைக்கு மனை. பெற்றுக்கொண்டவர், ஐயாதுரை.

எழுத்து ரொம்ப அழகாக இருந்தது.