யாரும் யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை

வசந்தரூபி பிரெஞ்சில் முழுதாக வாசித்து முடித்த முதல் அரசியல் துண்டுப்பிரசுரம், லா ஷப்பல் மெத்ரோ ரயில் நிலையப் படியடியில் தியரி என்ற பிரெஞ்சுக்காரர் கொடுத்ததுதான். அந்தப் படியடியில் யாராவது எதையாவது நீட்டிக்கொண்டேதான் இருப்பார்கள். பில்லிசூனியம் எடுப்பவரின் அட்டை, பழைய தங்கம் வாங்குபவரின் அட்டை, எது வந்தாலும் வாங்கி அடுத்த குப்பைக்கூடையில் போட்டுவிட்டு நடப்பது அவள் வழக்கம். அன்று மட்டும் மேலே பெரிய எழுத்தில் இருந்த ஒரு வரி அவளை நிறுத்திவிட்டது. உழைப்பதற்கு யாரும் யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை என்று அதில் இருந்தது.

அவள் நின்றதற்குக் காரணம் உண்டு. ஃபோபூர் சென்-டெனி வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கை ஒன்றில் அவளுக்குச் சிறு கடை இருந்தது. முன்னுக்கு வளையல், பொட்டு, தலைக்கு வைக்கும் எண்ணெய். பின்னுக்கு ஒரு திரை, திரைக்குப் பின்னால் ஒரு சாய்கதிரை. உண்மையில் கடை ஓடியது அந்தக் கதிரையால்தான். நூலால் புருவம் எடுப்பதில் வசந்தரூபிக்கு நல்ல கை. கூசேன்வில், லா கூர்னெவ் என்று வெளியூர்களிலிருந்து பெண்கள் ரயில் பிடித்து வந்து, அவளிடம் முகத்தைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக் கிடப்பார்கள். ஆனால் பிரான்சில் இந்த வேலைக்கு அழகுக்கலைச் சான்றிதழ் வேண்டும். ஒருநாள் பரிசோதகர்கள் வந்து திரையை விலக்கிப் பார்த்தார்கள். சான்றிதழ் உள்ள ஒருவரை வைத்துக்கொள், இல்லாவிட்டால் கதிரையை எடுத்துவிடு என்று எழுத்தில் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவள் இரண்டு முறை பரீட்சை எழுதினாள். செய்முறையில் சித்தியடைந்தாள். எழுத்துப் பரீட்சையில், தோலின் அடுக்குகளுக்குப் பிரெஞ்சில் என்ன பெயர் என்ற இடத்தில் இரண்டு முறையும் விழுந்தாள். அதன் பிறகு கதிரையை எடுக்கவுமில்லை, நிம்மதியாக வைத்திருக்கவுமில்லை. கடைக் கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் திரைக்குப் பின்னால் நூல் நின்றுவிடும்.

தியரி ஐம்பது வயது தாண்டியவர், காப்புறுதிக் கம்பனி ஒன்றில் வேலை பார்த்து விலகியவர். ‘லிப்ர் ஷுவா’, அதாவது சுதந்திரத் தெரிவு, என்ற சிறு கட்சியின் இல்-து-பிரான்ஸ் பிராந்தியக் கிளையை நடத்திக்கொண்டிருந்தார். சுதந்திரவாதிகள் என்று தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். அரசுக்குப் பொலிசும் நீதிமன்றமும் போதும், மற்றதெல்லாம் மனிதர்கள் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்வார்கள் என்பது அவர்கள் கொள்கை. கொரோனாவுக்காகக் கடைகளைப் பூட்டித் திறந்து பூட்டிய காலம் அது. அந்த ஆண்டு யூனில் பிராந்தியத் தேர்தல் வரவிருந்தது. தியரி அவளுடைய கதையை நடைபாதையில் நின்றே கேட்டார், நடுவில் குறுக்கிடாமல், அவள் சொல்லுக்குத் தடுமாறிய இடத்தில் சொல்லை எடுத்துக் கொடுக்காமல். பிரெஞ்சில் அவள் ஒரு வசனத்தை முடிக்கும்வரை யாரும் காத்திருந்தது அதுதான் முதல் தடவை என்று அன்று பின்னேரம் கணவன் தர்மராசாவுக்குச் சொன்னாள். ருவாசி விமான நிலையத்தில் பொதி ஏற்றும் வேலை அவனுக்கு. சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, கவனம் என்றான். அவ்வளவுதான்.

கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், கொரோனாவுக்காக முன்கதவு பூட்டியிருந்த ஒரு பாரின் பின்னறையில் கூட்டம் நடக்கும். பத்துப் பன்னிரண்டு பேர். பஸ் சேவையைத் தனியாருக்கு விற்பதா, அல்லது பஸ் ஓடும் வீதிகளையும் சேர்த்து விற்பதா என்று ஒருவரோடொருவர் மணிக்கணக்கில் வாதாடுவார்கள். வசந்தரூபிக்கு அதில் பாதி விளங்காது. சில நேரம் சிரிப்பும் வரும். ஆனால் தொழில் சான்றிதழ்கள் பற்றிய பேச்சு வரும்போது தியரி அவள் பக்கம் திரும்பி, மதாம் சொல்லட்டும் என்பார். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு அவளைப் பார்ப்பார்கள். அந்த ஒரு நிமிடத்துக்காக அவள் கிழமை முழுவதும் வேலைக்கு நடுவே வசனங்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேர்தல் பட்டியலுக்கு இருநூறுக்கு மேல் பெயர்கள் வேண்டும். ஆண், பெண், ஆண், பெண் என்று மாறி மாறி வரவேண்டும் என்பது சட்டம். கட்சியிலோ பெண்களே இல்லை. அவள் பெயரைத் தியரி கூச்சத்தோடுதான் கேட்டார். வசந்தரூபி தன் பெயரைக் கொடுத்தாள், படத்தையும் கொடுத்தாள். பிறகு தனக்குத் தெரிந்த, பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்த பெண்களைத் தேடிப் போனாள். முதலில் சம்மதித்தவள் தவநாயகி. சனிக்கிழமைகளில் கடையில் அவளோடு நின்று வேலை செய்பவள். புருசன் செத்தபின் மகள் மிருணாளினியோடு லா கூர்னெவில் அரசாங்கக் குறைவாடகை வீடொன்றில் இருந்தாள். அவள் ஒன்றும் விசாரிக்கவில்லை. ரூபியக்கா கேட்டால் சரி, எங்கே கையெழுத்து என்று மட்டும் கேட்டாள்.

துண்டுப்பிரசுரத்தைத் தமிழில் எழுதும் வேலையும் வசந்தரூபியிடமே வந்தது. சான்றிதழ் தேவையில்லை, சிறு கடைகளுக்குச் சமூகக் காப்புறுதிக் கட்டணம் பாதி, பரிசோதகர்களின் அதிகாரம் குறைப்பு, இவற்றையெல்லாம் ஆசை ஆசையாக எழுதினாள். அதற்குக் கீழே இரண்டு வரிகள் இருந்தன. பிராந்தியம் குறைவாடகை வீடுகளுக்குக் கொடுக்கும் உதவி நிறுத்தப்படும், வீடுகள் விற்கப்படும் என்பது ஒன்று. வாடகைக்காரரைக் காக்கும் சட்டங்கள் நீக்கப்பட வேண்டும், சொத்துக்காரர் தன் சொத்தை விரும்பியபடி செய்யலாம் என்பது மற்றது. இவர்கள் எங்கே வெல்லப் போகிறார்கள் என்று நினைத்தாள். இந்த இரண்டு வரிக்காக நல்ல வரிகளையும் சனம் வாசிக்காமல் விடும் என்றும் நினைத்தாள். அவற்றை எழுதவில்லை. எல்லாம் வந்துவிட்டதா என்று தியரி கேட்டபோது, வந்துவிட்டது என்றாள்.

மே மாத முடிவில், பட்டியல் பதிவாகி அவளுடைய படம் ஒழுங்கைச் சுவரெல்லாம் ஒட்டப்பட்ட பிறகு, குலசேகரம் கடைக்கு வந்தார். கடை அவருடையது. எட்டு வருடமாக மாதா மாதம் கையில் வாடகை வாங்குவார். பத்திரம் கேட்டால், நாங்கள் ஊர்ச்சனம், எங்களுக்குள் என்ன பத்திரம் என்பார். நிலத்துக்குக் கல் பதித்ததும், கக்கூசைத் திருத்தியதும், மின்சாரம் இழுத்ததும் அவள்தான். அவர் உட்காராமலே விசயத்தைச் சொன்னார். கைத்தொலைபேசிக் கடை போட ஒருவர் கேட்கிறார், அவளுக்கு இரண்டு கிழமை தவணை.

“அண்ணை, எட்டு வருசம் இஞ்சை இருந்திட்டன். உப்பிடி எழும்பு எண்டால் நான் எங்கை போறது?”

குலசேகரம் கோபப்படவில்லை. கதவடியில் அவள் அடுக்கி வைத்திருந்த பிரெஞ்சுப் பிரசுரத்தில் ஒன்றை எடுத்து, அவளுடைய படத்துக்குக் கீழே சொத்துக்காரரைப் பற்றி இருந்த வரியில் விரலை வைத்தார்.

“தங்கச்சி, உங்கடை கட்சி சொல்லுறதைத்தானே நான் செய்யிறன்.”

மறுநாள் அவள் நகரசபையில் இலவசமாக ஆலோசனை சொல்லும் வழக்கறிஞரிடம் போனாள். இளம் பெண். கதையைக் கேட்டதும் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. பத்திரம் இல்லாவிட்டால் என்ன, எட்டு வருடம் வாடகை வாங்கியதே ஒப்பந்தம்தான், சட்டம் உங்கள் பக்கம், அவர் நட்டஈடு தராமல் எழுப்ப முடியாது என்றாள். வசந்தரூபிக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போது வழக்கறிஞர், படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, கடையில் என்ன தொழில் செய்கிறீர்கள் என்று கேட்டாள். வளையல் என்றாள் வசந்தரூபி. வளையல் மட்டுமா என்றாள் வழக்கறிஞர். வசந்தரூபி பரிசோதகர்கள் கொடுத்த கடிதத்தைப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். வழக்கறிஞர் பேனாவை மூடினாள். நீதிமன்றத்துக்குப் போனால் எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் கிளறும், ஏற்கெனவே எச்சரித்த கடை, உங்களுக்குக் கிடைப்பதை விட இழப்பது கூடலாம், யோசித்து வாருங்கள் என்று மெதுவாகச் சொன்னாள். குலசேகரத்துக்கும் அது தெரிந்திருக்கும் என்று ரயிலில் வரும்போதுதான் அவளுக்கு உறைத்தது. தெரிந்ததால்தான் அவர் குரலை உயர்த்தவில்லை.

மிஞ்சியிருந்தவர் தியரி. மறுபடி திறந்திருந்த அதே பாரில், கூட்டம் இல்லாத நாளில் அவரைச் சந்தித்தாள். குலசேகரத்தோடு பேசுவார், கட்சியில் சட்டம் தெரிந்த யாரையாவது அனுப்புவார், பத்திரிகைக்கு ஒரு வரி எழுதுவார், இப்படி ஏதோ ஒன்றை எதிர்பார்த்துத்தான் போனாள். அவர் கோப்பையைச் சுழற்றிக்கொண்டிருந்தார். கண்களில் வருத்தம் இருந்தது. அது நடிப்பில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

“மதாம், கடை அவருடையது. உங்களுக்காக அதை மாற்றிச் சொன்னேன் என்றால், இத்தனை வருடம் நான் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும்.”

“அப்ப நான் சொன்னது?” என்று தமிழில் கேட்டுவிட்டாள். பிறகு பிரெஞ்சில் சொல்லத் தேடினாள், கிடைக்கவில்லை. தியரி வழக்கம்போலக் காத்திருந்தார். அவள் பையை எடுத்துக்கொண்டு எழும்பினாள். காசை அவர்தான் கொடுத்தார்.

அடுத்த சனிக்கிழமை தவநாயகி வேலைக்கு வரவில்லை. பின்னேரம் வந்தாள், கைப்பையைக் கழற்றாமல் திரைக்கு இந்தப் பக்கமே நின்றாள். மிருணாளினி பிரெஞ்சுப் பிரசுரத்தை இணையத்தில் வாசித்திருக்கிறாள். எங்கள் வீட்டை விற்கச் சொல்லுகிற கட்சிக்கா பெயர் கொடுத்தாய் என்று தாயிடம் பிரெஞ்சில் கத்தியிருக்கிறாள். மாடிப்படியில் பக்கத்து வீட்டு அரபுக்காரப் பெண்ணும் பட்டியலைக் காட்டிக் கேட்டிருக்கிறாள். பெயரை எடுக்க முடியுமா என்று மகள் விசாரித்ததில், பதிந்த பட்டியலில் இருந்து யாரும் தனியாக விலக முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். இதையெல்லாம் தவநாயகி ஒரே சீராகச் சொன்னாள். பிறகு கேட்டாள்:

“ரூபியக்கா, அந்த வரியை நீங்கள் வாசிச்சனீங்களோ?”

வாசிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். தவநாயகி அதை நம்பியிருப்பாள், நம்ப விரும்பித்தான் வந்திருந்தாள். அதுதான் வசந்தரூபிக்குத் தாங்க முடியவில்லை.

“ஓம்,” என்றாள்.

தவநாயகி தலையாட்டினாள். உள்ளே அவளுடைய மேல்சட்டை ஒன்று கொழுவியிருந்தது. அதை எடுத்து மடித்துப் பையில் வைத்தாள். வாறன் என்று சொல்லாமல் போனாள்.

கடையைக் காலி செய்யத் தர்மராசா நண்பனின் வான் வண்டியைக் கேட்டு வாங்கி வந்தான். சாய்கதிரையை அவர்கள் குடியிருந்த கூசேன்வில் வீட்டுக்குள் கொண்டுபோக இடமில்லை. வீதியோரத்தில் வைத்தார்கள். வானில் பெட்டிகளை ஏற்றி முடிப்பதற்குள் யாரோ அதை எடுத்துப் போய்விட்டார்கள். குலசேகரம் கடைக் கதவின் திறப்பைக் கையில் வாங்கும்போது, சுகமாய் இருங்கோ தங்கச்சி என்றார். மனதாரத்தான் சொன்னார்.

தேர்தல் ஞாயிறு நல்ல வெயில். வாக்களிக்கச் சனமே வரவில்லை. கூசேன்வில் பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடியில், கட்சிகளின் வாக்குச்சீட்டுகள் மேசையில் வரிசையாக அடுக்கியிருந்தன. லிப்ர் ஷுவாவின் சீட்டு மட்டும் இல்லை. எல்லாச் சாவடிகளுக்கும் அச்சடிக்கக் கட்சியிடம் வசதி இல்லை. ஆதரவாளர்கள் வீட்டில் அச்சிட்டுக் கொண்டுவர வேண்டும் என்று தியரி எல்லோருக்கும் அறிவித்திருந்தார். வசந்தரூபி காலையிலேயே இரண்டு சீட்டு அச்சிட்டு, ஒன்றைத் தர்மராசாவிடம் கொடுத்திருந்தாள். அவன் வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வேலைக்குப் போகும் வழியில் அதே சாவடிக்கு வாக்களிக்கப் போனான். போட்டேன் என்று பிறகு போனில் சொன்னான்.

அவள் மறைப்புக்குள் போய்ச் சீட்டை விரித்தாள். சிறிய எழுத்தில் பெயர்கள் நிறைந்திருந்தன. தன் பெயரைப் பார்த்தாள், தவநாயகியின் பெயரைப் பார்த்தாள். வெறும் உறையைப் போட்டுவிட்டுப் போனால் என்ன என்று தோன்றியது. ஆனால் படியடியில் அவளை நிறுத்திய அந்த ஒரு வரி பொய் என்று இன்னும் அவளால் நினைக்க முடியவில்லை. அதையும் விட்டுவிட்டால் இந்த ஆறு மாதத்தில் தன் கையில் எதுவுமே இருக்காது. சீட்டை உறைக்குள் வைத்துப் பெட்டியில் போட்டாள்.

வேட்பாளர் என்பதால் எண்ணும்போது நிற்க அவளுக்கு உரிமை இருந்தது. நின்றாள். உறைகளைத் திறந்து, ஒருவர் கட்சியின் பெயரை வாசிக்க, மற்றவர் கோடு போட்டார். பெரிய கட்சிகளின் பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தன. ஒரு தடவை வாசித்தவர் சீட்டைத் திருப்பிப் பார்த்து, தயங்கி, லிப்ர் ஷுவா என்றார். மேசையில் யாரோ, அது என்ன என்று கேட்டார்கள். வசந்தரூபி அடுத்ததற்காகக் காத்திருந்தாள். உறைகள் குறைந்துகொண்டே வந்தன. கடைசி உறையும் முடிந்தது. செல்லாத சீட்டுகளைத் தனியாக எண்ணினார்கள். அதற்குள்ளும் எட்டிப் பார்த்தாள். அங்கேயும் இருக்கவில்லை. சாவடித் தலைவர் எழுந்து முடிவை வாசித்தார். லிப்ர் ஷுவா, ஒன்று.

வெளியே வந்தபோது வெயில் இன்னும் தாழவில்லை. கைத்தொலைபேசியில் தியரியின் செய்தி இருந்தது. பிராந்தியம் முழுவதும் முந்திய தேர்தலை விட முன்னேற்றம், செப்டெம்பரில் கூடுவோம், உங்கள் தமிழ்ப் பெண்களையும் அழைத்து வாருங்கள் என்று எழுதியிருந்தார். அவள் கைத்தொலைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

தர்மராசா வேலை முடிந்து வந்து குசினியில் இருந்தான். அவளுக்கும் சேர்த்துத் தேத்தண்ணி ஊற்றியிருந்தான். அவள் கையைக் கழுவிவிட்டு வந்து எதிரே இருந்தாள். வளையல் பெட்டிகள் சுவரோரம் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. அவற்றுக்கு நடுவில் இரண்டு பேரும் முழங்கால் முட்ட இருந்தார்கள்.

“எத்தினை விழுந்தது?” என்று கேட்டான், கோப்பையைப் பார்த்தபடி.

“ரெண்டு,” என்றாள்.

அவன் நிமிரவில்லை. விமானம் துப்புரவாக்கும் பகுதியில் ஆள் எடுக்கிறார்கள், விடிய நாலு மணி வேலை, வேண்டுமென்றால் பொறுப்பாளரிடம் சொல்லி வைக்கிறேன் என்றான்.

“சொல்லுங்கோ,” என்றாள் வசந்தரூபி.