ஒனோரின் துவைக்க விடாத சட்டை

1

இந்தக் கதை ஒரு குரங்கின் படத்திலிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எங்கள் ஆற்றங்கரை ஊரான ம்பந்தாக்காவின் படகுத்துறைச் சுவரில் அந்தச் சுவரொட்டியை ஒட்டியிருந்தார்கள். மேலே பெரிய எழுத்தில் குரங்கம்மை. நடுவில் ஒரு குரங்கு. கீழே, குனிந்து கண்ணைச் சுருக்கினால் மட்டும் படிக்க முடிகிற நான்கு வரிகள்: நோயாளியின் கொப்புளத்தை, அவருடைய போர்வையை, துணியை, படுக்கையைத் தொடாதீர்கள். யாரோ ஆணியால் குரங்கின் கண்களைத் தோண்டியிருந்தார்கள். அந்த நான்கு வரிகளை ஒருவரும் சீண்டவில்லை.

[இது கொஞ்சம் அழகான வாக்கியமாக வந்துவிட்டது. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.]

நான் குடும்பக் கதைகள் எழுதுகிறவள். பிரிந்தவர்கள் சேர்வார்கள், மாமியார் மனம் மாறுவாள், கடைசிப் பக்கத்தில் கல்யாணம் நடக்கும். இதிலும் ஒரு பெண், ஒரு பையன், ஒரு மாமியார் இருக்கிறார்கள். அந்தத் தைரியத்தில்தான் உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்:

விடியும் நேரத்தில் ஆற்றின் மேல் மூடுபனி மெல்ல விலக, பொலும்பு தன் ஓடத்தை—

வேண்டாம். மூடுபனி வந்தால் என் வாசகிகள் காதல் என்று நினைத்துவிடுவார்கள்.

இரண்டாவது தொடக்கம்:

பொலும்பு துறைமுகச் சந்தையில் புகைபோட்ட இறைச்சி விற்பவள். காட்டுப்பன்றி, மான், முதலை, கிடைத்தால் குரங்கு. அன்று காலை ஒரு ஆள் வந்து, கையால் தொடாமல் குச்சியால் ஒரு துண்டைப் புரட்டிப் பார்த்தார்.

“இது என்ன, குரங்கா?”

“காட்டுப்பன்னி, ஐயா.”

“பன்னிக்குப் பக்கத்துல குரங்கு கிடந்துச்சா?”

“அதுங்க ரெண்டுக்கும் ஆகாது. பக்கத்துல படுக்காது.”

பக்கத்துக் கடையில் மீன் விற்கும் ஃபிஃபி வாய்விட்டுச் சிரித்தாள். அந்த ஆள் சிரிக்கவில்லை. குச்சியை எறிந்துவிட்டு எதிரே போய், கள் குடித்துக்கொண்டிருந்தவர்களோடு உட்கார்ந்தார். ஒரே சுரைக்குடுவை ஐந்து வாய்க்குச் சுற்றி வந்தது. தன் முறை வந்ததும் குடித்துவிட்டு, பொலும்புவின் கடைப் பக்கம் பார்த்துத் துப்பினார்.

அந்த வாரமே சந்தை ஆட்கள் வந்து அவளுடைய சரக்கை ஆற்றில் கொட்டினார்கள். ஊர் நிம்மதியாக மூச்சு விட்டது. குரங்கு போய்விட்டது, இனி நோயும் போய்விடும்.*

* காட்டு விலங்கை உரிக்கும் கைக்கு ஆபத்து இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. உண்டு. ஆஸ்பத்திரி நர்ஸ் பொலும்புவிடமே அதைச் சொல்லியிருக்கிறாள். என் நாயகியைச் சுத்தமானவளாகக் காட்ட அதை மறைக்க மாட்டேன். ஆனால் இந்த முறை எங்கள் ஊரில் நோய் நடந்த வழி வேறு. அது இனிமேல்தான் வருகிறது.

3

லொக்கூலி படகு மோட்டார் பழுதுபார்ப்பவன். அவனுடைய வீட்டார் பொலும்புவைப் பெண் கேட்டுவிட்டார்கள். முதல் சடங்குக் கள்ளையும் இரண்டு வீடும் குடித்தாகிவிட்டது. அந்த நேரத்தில்தான் லொக்கூலியின் அண்ணன் இலொங்கா, ஆற்றுப் படகில் வியாபாரத்துக்குப் போனவன், காய்ச்சலோடும் உடம்பெல்லாம் கொப்புளத்தோடும் திரும்பி வந்தான். ஏற்கெனவே நோஞ்சான் உடம்பு. தாங்கவில்லை.

நர்ஸ் வந்து, “அவர் துணியெல்லாம் எரிச்சிடுங்க. மனசு வரலேன்னா கொதிக்கிற தண்ணியில போட்டு அலசவாவது செய்யுங்க” என்றாள்.

இலொங்காவின் அம்மா ஒனோரின், மகனின் நீலச் சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு சொன்னாள்: “துவைச்சா அவன் வாசனை போயிடும். அதையும் எடுத்துட்டுப் போயிடாதீங்க.”

துக்க வீட்டில் எல்லாரும் நெற்றியோடு நெற்றி தொட்டுக்கொண்டார்கள். வலப்பக்கம், இடப்பக்கம், பிறகு நடுவில். ஒனோரின் ஒருவரையும் விடவில்லை. பொலும்பு குனிந்தபோது மட்டும் அடுத்தவளிடம் ஏதோ பேசுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பொலும்புவின் நெற்றி காற்றில் நின்றது.

துக்கம் கலைக்கும் நாளில் இறந்தவனின் துணிகளைச் சொந்தங்களுக்குப் பங்கிடுவது வழக்கம். பங்கு கிடைத்தவர்கள்தான் குடும்பம். கோடுபோட்ட சட்டை லொக்கூலிக்கு. கால்சட்டைகள் மாமாவுக்கு. அவன் போர்த்தியிருந்த துணிகள் பாயில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு. நீலச் சட்டை அவனுடைய நான்கு வயது மகள் எயெங்காவுக்கு, தாயில்லாத பிள்ளை. வீட்டுக்கு வரப்போகிற மருமகள் என்ற முறையில் பொலும்புவும் கை நீட்டினாள்.

“குரங்கு விக்கிற கைக்கு என் மகன் துணி எதுக்கு?” என்றாள் ஒனோரின்.

பொலும்பு கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அதன் பிறகு அங்கே யார் என்ன பேசினார்கள் என்று அவளுக்குத் தெரியாது.

[பாயின் கடைசியில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். இலொங்காவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. பெயர் வைக்கவில்லை. அவளுக்கும் ஒரு துணி கிடைத்தது. அவள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய், யாருக்கும் தெரியாமல், மரவள்ளி அவிக்கிற அண்டாவில் போட்டுக் கொதிக்கவைத்தாள். படகுத்துறையில் ஒருநாள் மழைக்கு ஒதுங்கியபோது அந்த நான்கு வரிகளைப் படித்திருந்தாள். பின்னால் அவள் தேவைப்படுவாள்.]

4

இந்த இடத்தில் எனக்கு ஒனோரின் மேல் சந்தேகம் வந்தது.

கொடுமைக்கார மாமியாரை எழுதுவது எனக்கு வெங்காயம் நறுக்குவதுபோல. பார்க்காமலே கை போகும். இவளையும் அப்படித்தான் எழுதினேன். முதல் படியில் அவளுக்குப் பூனைக்கண், மெல்லிய உதடு. ஆனால் அந்தச் சட்டையை அவள் முகத்தில் வைத்த வரியை எழுதிய பிறகு பூனைக்கண்ணை அடித்துவிட்டேன். காலர் மடிப்பில் மகனின் வியர்வையைத் தேடுகிற ஒருத்தியை வெறுக்க எனக்கு வரவில்லை. நோய்க்கும் அந்தக் காலர்தான் இடம் என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது? நர்ஸ் சொன்னாள். நான் சொன்னாலும் அதே வார்த்தைகளைத்தான் சொல்லியிருப்பேன்.

5

முதலில் லொக்கூலியின் கழுத்தைச் சுற்றிக் கொப்புளம் வந்தது, சட்டையின் கழுத்துப்பட்டி உரசுகிற இடத்தில். பிறகு மாமாவின் தொடையில். பிறகு பாயில் இருந்த பெண்களில் இருவருக்கு. யாரும் இறைச்சியைத் தொட்டே வெகு நாளாகியிருந்தது. இறைச்சிக்காரிக்கு மட்டும் ஒன்றுமில்லை.

அவளை விலக்கியது அவளைக் காப்பாற்றியிருந்தது. அதை அவளும் அறியவில்லை, ஊரும் அறியவில்லை. ஊருக்கு வேறு கணக்கு.

“பங்கு குடுக்கலேன்னு வயிறெரிஞ்சா. அதான் சூனியம் வச்சுட்டா.”

“துணி கிடைச்சவங்களுக்கு மட்டும் வருது பாரு. தேடித்தேடி அனுப்புறா.”

இதைக் கேட்டபோது எழுதிக்கொண்டிருந்த என் கை நின்றது. நோய் துணி வழியாகப் போகிறது என்று ஊர் கண்டுபிடித்துவிட்டது! அந்தக் கண்டுபிடிப்பை வைத்துக்கொண்டு, நேராக—

நேராகப் பொலும்புவின் வீட்டுக் கூரையில் கல் எறிந்தார்கள்.

ஃபிஃபி மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டே, காலிக் கடையில் உட்கார்ந்திருந்த பொலும்புவிடம் சொன்னாள்: “அடியே, ரெண்டு கொப்புளமாச்சும் வரவச்சுக்கோ. அப்பத்தான் நல்லவன்னு நம்புவாங்க.”

“வாடகைக்குக் கிடைக்குதாக்கா?”

“கிடைச்சா எனக்கும் ஒண்ணு வாங்கு. உன் பக்கத்துல கடை போட்டிருக்கேன்ல.”

இருவரும் சிரித்தார்கள். பிறகு ஃபிஃபி தன் கூடைகளை எடுத்துக்கொண்டு சந்தையின் மறுகோடிக்குப் போய் உட்கார்ந்தாள். பொலும்பு அவளைத் தடுக்கவில்லை.

6

ஆஸ்பத்திரியின் பின்புறம் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் லொக்கூலி, இந்தப் பக்கம் பொலும்பு. நடுவில் இரண்டு பேர் படுக்கிற இடைவெளி. அவனுக்குப் பொருக்குத் தட்டத் தொடங்கியிருந்தது.

“பாக்க முதலை மாதிரி இருக்கே” என்றாள்.

“கிலோ என்ன விலைக்குப் போடுவே?”

“எவனும் வாங்க மாட்டான். சும்மா குடுத்தாலும் தொட மாட்டான்.”

அவன் சிரிக்க முயன்று, உதட்டுப் புண் வலித்து நிறுத்தினான்.

“பொலும்பு, எயெங்கா அந்த நீலச் சட்டையிலதான் தூங்குறா. நெத்தியில ரெண்டு கொப்புளம்னு மாமா சொல்றார். ஒண்ணும் சாப்பிட மாட்டேங்குறாளாம். அம்மா உள்ள பூட்டி வச்சிருக்கா. நர்ஸ் போனா கதவையே திறக்கல.”

“எனக்கு மட்டும் திறப்பாளா?”

“தெரியல. உன்னை விட்டா எனக்கு வேற ஆள் இல்ல.”

நர்ஸ் ஒரு பையைக் கொடுத்தாள். ஒரு ஜோடி ரப்பர் கையுறை, முகமூடி, பிள்ளையைச் சுற்றிக்கொள்ளத் துவைத்த விரிப்பு. “வெறுங்கையால தூக்கிடாதே. உனக்கும் வந்துட்டா இந்தக் குடும்பத்தப் பாக்க யாரும் இல்ல” என்றாள்.

7

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) லொக்கூலி குணமாகிறான். எயெங்கா பூக்கூடை ஏந்தி முன்னால் நடக்க, ஒனோரின் மருமகளின் நெற்றியில் தன் நெற்றியை மூன்று முறை— (எழுதும்போதே எனக்குக் கண் கலங்கியது. கிழித்துவிட்டேன். நான் அழுதேன் என்பதற்காக அந்தப் பிள்ளை பிழைத்துவிடாது.)

ஆ) பொலும்பு பையோடு நேராகத் துறைக்குப் போய், மேலே போகிற படகில் ஏறிவிடுகிறாள். அவளை யாரும் குறை சொல்ல முடியாது. (எயெங்காவைத் தவிர.)

இ) பிள்ளை இறந்துபோகிறது, ஊர் பொலும்புவை—

இதை முடிக்க மாட்டேன்.

8

ஆகவே, நடந்த வரைக்கும்.

மத்தியானத்திலேயே வானம் இருட்டிக்கொண்டு மழை வந்தது. ஒனோரின் வீட்டு முன்கூரையின் கீழ் பாயில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பொலும்பு நனைந்தபடி முற்றத்தில் நின்றாள். கூரைக்குள் வா என்று யாரும் சொல்லவில்லை.

“அம்மா, எயெங்காவைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்.”

ஒனோரின் கதவுக்குக் குறுக்கே நின்றாள். “எங்க? மிச்சத்தையும் முடிக்கவா?”

“லொக்கூலி அனுப்பினான். சட்டையைக் கழட்டிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டாரச் சொன்னான்.”

“அங்க போனவங்க பிணமா பையில திரும்பி வர்றாங்க.”

“எல்லாரும் இல்லம்மா. உங்க மகன் என்னைக் கிண்டல் பண்ற அளவுக்குத் தேறிட்டான்.”

பாயிலிருந்து ஒருத்தி சொன்னாள்: “அவ ஒடம்பப் பாருங்க. ஒரு புள்ளி உண்டா?” இன்னொருத்தி: “எங்கேருந்து வரும்? அனுப்புறவளுக்கே வருமா?”

உள்ளே பிள்ளை இருமியது. ஒனோரின் சட்டென்று திரும்பினாள். அவள் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது எயெங்கா அவள் தோளில் துவண்டு கிடந்தாள். சட்டை பிள்ளையின் முழங்கால் வரை தொங்கியது. ஒனோரினின் மணிக்கட்டிலும் ஒரு கொப்புளம் இருந்ததைப் பொலும்பு கண்டாள்.

அவசரமாகப் பையிலிருந்து கையுறையை எடுத்தாள். ஒரு கையில் மாட்டியும்விட்டாள்.

“என்னது அது?”

“நர்ஸ் குடுத்தாங்கம்மா. மாட்டிக்கிட்டுத்தான் தூக்கணும்னு…”

“என் பேத்தியைத் தொட உனக்கு உறை வேணுமா?” ஒனோரின் ஓர் அடி பின்னால் போனாள். “அவ அப்பனை நான் இந்த வெறுங்கையாலதான் குளிப்பாட்டினேன். நீ சுத்தமானவளா இருந்தா, இவ மேல உனக்குப் பாசம் இருந்தா, வெறுங்கையால வாங்கு. இல்லேன்னா இவ என்கிட்டயே கிடக்கட்டும்.”

இதை நான் திட்டமிடவில்லை. கையுறையைக் கதைக்குள் கொண்டுவந்தது உதவட்டும் என்றுதான். அதுவே குறுக்கே நிற்கும் என்று எனக்குத் தெரியாது.

பொலும்பு நின்றாள். உறை போட்ட கையையும் போடாத கையையும் நீட்டியபடி நின்றாள். கழற்றினால் பிள்ளை கிடைக்கும், நோயும் கிடைக்கலாம், கிடைத்தால் ஊரும் அவளை நம்பும். கழற்றாவிட்டால் கதவு மூடிக்கொள்ளும்.

9

இங்கே நிறுத்துகிறேன். எனக்குத் தெரிந்த கல்யாண முடிவுகள் எதுவும் இந்த மழைக்குத் தாங்காது.

ஆனால் பாயின் கடைசியில் ஒருத்தி இருக்கிறாள், மறந்திருக்க மாட்டீர்கள். துணியை அண்டாவில் போட்டவள். அன்றும் அதே துணியைத்தான் உடுத்தியிருந்தாள். அவள் உடம்பிலும் ஒரு புள்ளி இல்லை. இதுவரை யாரும் அதைக் கவனிக்கவில்லை. “எனக்கும்தான் ஒண்ணும் வரல, நான் கொதிக்கவச்சேன்” என்று அவள் வாயைத் திறந்தால் ஒனோரின் கேட்கக்கூடும். இவள் வீட்டுப் பெண், குரங்குக்காரி அல்ல. அல்லது இலொங்காவின் வாசனையைக் கொதிக்கவைத்துக் கொன்றவள் என்று நாளைக்கு அவள் கூரையிலும் கல் விழக்கூடும்.

எத்தனையோ படிகள் எழுதியும் அவளுக்கு என்னால் வசனம் எழுத முடியவில்லை. பெயர் வைக்காமல் விட்டதும் இதற்குத்தான். அந்த இடத்தில் நீங்கள் உட்காருங்கள். பாய் ஈரமாக இருக்கும், பரவாயில்லை. மடியில் கிடக்கும் துணியின் ஓரத்தை உங்கள் விரல்கள் திருகுகின்றன. பிள்ளை மறுபடியும் இருமுகிறது. பொலும்பு உறையைக் கழற்றத் தொடங்கிவிட்டாள். சுண்டுவிரல் வெளியே வந்துவிட்டது.

மேற்கோள் குறியை மட்டும் நான் திறந்து வைக்கிறேன்.

“