வாயே பேசாத ஒரு படம்

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. சுவர் வழியாகத் திருடினேன். போலந்து நாட்டுப் போஸ்னானில் எங்கள் குடியிருப்பைக் கட்டியவர்கள் சிமெண்டில் கஞ்சத்தனம் பண்ணியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு ஸெனோன் தும்மினால் இங்கே என் மனைவி ஆல்டோனா "நூறு" என்பாள்.

ஒரு ஞாயிறு, மதியச் சாப்பாடு முடிந்த நேரம். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு படம் ஆரம்பித்தது. குதிரைகள், துப்பாக்கி, அப்புறம் ஒரு ஆண் குரல் இரண்டு வார்த்தை. டப்பென்று நின்றது. அடுத்து வயலின், மழை, அதே ஆண் குரல். நின்றது. பிறகு ஒரு குழந்தை அழுதது, அதே ஆண் குரல் "அம்மா, பசிக்கிறது" என்றது. அதுவும் நின்றது. தொலைக்காட்சி கெட்டுவிட்டது என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் எங்கள் அழைப்பு மணி. வாசலில் ஸெனோன். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் வியர்வை, கையில் ரிமோட்.

"தம்பி, உங்ககிட்ட வாயே பேசாத படம் ஏதாவது இருக்கா?"

இதுதான் விதை. பின்னால் வருவதில் முக்கால்வாசி காதால் கேட்டது, கால்வாசி நான் கட்டியது. எது எது என்று கேட்காதீர்கள், எனக்கே குழம்பிவிட்டது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ட்ராம் ஓட்டி ஓய்வு பெற்ற ஸெனோனின் வாழ்வில் இலையுதிர் காலத்து—"

அடித்துவிட்டேன். மனிதர் தினமும் ஏரியில் நீந்துகிறார். உதிர்வதாகத் தெரியவில்லை.

இரண்டாவது: "அன்புக்கு வயது என்பது—"

இதை அடித்தது ஆல்டோனா. "வாழ்த்து அட்டைக்கா எழுதறீங்க?"

மூன்றாவது ஆரம்பம் செருப்பில். ஸெனோன் பெண்கள் அளவில் ஒரு ஜோடி சிவப்பு வீட்டுச் செருப்பு வாங்கினார். இங்கே யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு அந்த வீட்டுச் செருப்பில் கால் நுழைப்பதுதான் வழக்கம். விருந்தாளிக்குக் கிடைப்பது பெரும்பாலும் யாரோ போட்டுத் தேய்த்த பழசு. மனைவி இறந்து தனியாக இருக்கும் ஒருவர் விருந்தாளிக்கென்று கடைக்குப் போய்ப் புதுசு வாங்கினால், அதுவும் சிவப்பில் வாங்கினால், அதற்குமேல் எழுத்தாளன் விளக்க வேண்டியதில்லை.

அந்தச் செருப்பு ஐந்தாவது மாடி ஃபெலிட்சியாவுக்கு. கீழே மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவர், விவாகரத்தானவர். யாரிடமும் முகத்துக்கு நேராகப் பேசுவார். இருமல் மருந்து கேட்டுப் போன என்னிடம் "சிகரெட்ட விடுங்க, காசு மிச்சம்" என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்பியவர்.

3

[வாசகருக்கு ஒரு வார்த்தை. இங்கே வெளிநாட்டுப் படம் என்றால் ஆளுக்கு ஒரு குரல் கிடையாது. லெக்டர் என்று ஒருவர் எல்லாருடைய வசனத்தையும் தானே படிப்பார். கதாநாயகன், கதாநாயகி, கொலைகாரன், கைக்குழந்தை எல்லாவற்றுக்கும் ஒரே தொனி, வானிலை அறிக்கை வாசிக்கிற மாதிரி. வெளிநாட்டுக்காரர்கள் பத்து நிமிடத்தில் எழுந்து ஓடிவிடுவார்கள். எங்களுக்கு அது இல்லாவிட்டால் படம் பார்த்த மாதிரியே இருக்காது.]

லெக்டர்கள் மொத்தமே கொஞ்சம் பேர். அவர்களில் ஒருவர் ஃபெலிட்சியாவின் முன்னாள் கணவர் ரோமுவால்ட்.

இந்த இடத்தில் ஆல்டோனா தாளைக் கீழே வைத்தாள். "இத எவன் நம்புவான்? அந்த ஆள செருப்புக் கடைக்காரனா மாத்துங்க."

மாற்றிப் பார்த்தேன். செருப்புக் கடைக்காரரைப் பிரிந்தவர் யார் வீட்டிலும் நிம்மதியாக உட்கார்ந்து படம் பார்ப்பார். எனக்குக் கதை இருக்காது. ரோமுவால்ட் லெக்டராகவே இருக்கட்டும்.

4

முந்தைய ஞாயிறுதான் ஃபெலிட்சியா முதல் தடவை வந்தார். ஸெனோன் பாலாடைக்கட்டி கேக் செய்து, ஒரு துப்பறியும் படம் போட்டு, பெருமையாக ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கிறார்.

"இந்தக் குரல் இருக்கே, எனக்கு வீட்டு ஆள் மாதிரி. அவ போனப்புறம் இத ஓட விட்டுட்டுத்தான் சமைப்பேன். வீட்ல யாரோ பேசிக்கிட்டிருக்கிற மாதிரி இருக்கும்."

"அப்படியா? இந்த ஆளோட நான் குடும்பம் நடத்தியிருக்கேன்."

ஸெனோன் கேக்கை விழுங்க மறந்துபோனார்.

"சூப்புல உப்பு கம்மின்னாலும் இதே தொனி. பிறந்தநாள் வாழ்த்தும் இதே தொனி. 'நான் போறேன் ஃபெலிட்சியா, அடுப்ப அணைச்சிட்டேன்'ன்னு போனதும் இதே தொனிதான். கமா, முற்றுப்புள்ளி எல்லாம் சுத்தமா இருந்துச்சு. எங்க போனாலும் பின்னாலயே வருது பாருங்க!"

இரண்டாவது ஞாயிறு அவர் மறுபடி வந்ததே பெரிய விஷயம். வந்ததும் சொல்லிவிட்டார்: "அந்தக் குரல் இல்லாம ஒரு படம் போடுங்க. இல்லன்னா கோச்சுக்காதீங்க, நான் மேல போயிடறேன். வயசு போகுது, ஞாயித்துக்கிழமையாவது எனக்கு வேணும்."

ஒரு படம் தேர்ந்தெடுக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அது தப்பாகப் போனால் சிவப்புச் செருப்புக்கு மறுபடி வேலை இருக்காது.

5

இங்கே ஒரு கட்டுரைப் பத்தி வருகிறது. அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம்.

வீட்டில் படம் தேர்ந்தெடுப்பது படத்தைப் பற்றியதே இல்லை. பக்கத்தில் இருப்பவருக்கு என்ன பிடிக்கும் என்று எழுதும் பரீட்சை அது. நானும் ஆல்டோனாவும் "உனக்கு எது வேணுமோ போடு" என்று மாறி மாறிச் சொல்லியே பல மாலைகளைத் தீர்த்திருக்கிறோம். பட்டியல் நீளமாக நீளமாக மனிதன் முட்டாளாகிறான் என்பது என் ஆராய்ச்சி— [நிறுத்திக்கொள்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு தொடங்கிவிட்டது.]

"நம்ம ஊர்ப் படமே போடட்டுமா? நம்ம ஆளுங்களே பேசுவாங்க."

"நம்ம ஆளுங்க முதல் பாதி குடிப்பாங்க, ரெண்டாம் பாதி சாவாங்க. காபி நேரத்துல எதுக்கு எழவு வீடு?"

"சரி, தொடர் ஒண்ணு இருக்கு. கொரியாக்காரங்க."

குரல் வந்தது. நின்றது.

"பென்குயின் பார்ப்போம். பென்குயின் என்ன பேசப்போகுது?"

பனிக்காற்று. அலகுகள். பிறகு ரோமுவால்ட், அமைதியாக: "ஆண் பறவை முட்டையைக் காக்கிறது."

"பாருங்க! பென்குயினையும் விடல அந்த மனுஷன்! ஒரு நாளாவது ஒரு முட்டை வேகவச்சிருப்பாரா வீட்ல?"

"குரல அணைச்சிட்டு, கீழ எழுத்து வர்ற மாதிரி வச்சுப் பார்ப்போமா?"

"கண்ணாடிய மேல வச்சிட்டு வந்துட்டேனே."

"அப்ப எடுத்துட்டு..."

இந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டது நானல்ல, ஸெனோன். மேலே போனால் ஃபெலிட்சியா திரும்பி வருவார் என்று யார் சொன்னது?

அப்போதுதான் எங்கள் மணி அடித்தது.

6

என்னிடம் ஒரு போர்த்துகீசியப் படம் இருந்தது. திரைப்பட விழா ஒன்றில் வாங்கிய டிவிடி வட்டு. மீன்பிடித் துறைமுகம், பாதிப் படம் அலைதான். லெக்டர் கிடையாது, எப்போதாவது யாராவது பேசினால் கீழே போலிஷில் எழுத்து வரும். எனக்கு அது மனப்பாடம்.

"ரொம்பப் பேச மாட்டாங்கண்ணே," என்றேன்.

"நீங்க நல்லா இருக்கணும் தம்பி," என்று அதை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினார்.

நானும் ஆல்டோனாவும் சுவரோரம் நாற்காலியை நகர்த்தினோம். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நகர்த்தினோம்.

அலைச் சத்தம் வந்தது. பிறகு ஒரு போர்த்துகீசியன் பேசினான். ஃபெலிட்சியா கேட்டார்: "என்ன சொல்றான்?"

பிறகு ஸெனோனின் குரல், ட்ராமில் நிறுத்தம் அறிவிக்கிற மாதிரி: "'வலை. கிழிஞ்சிருக்கு.'"

"அவ என்ன சொல்றா?"

"'தெச்சு... வச்சிருக்கேன்.' ஐயையோ, அடுத்தது வேகமா போயிடுச்சுங்க. ஆனா இவன் நல்லவன் மாதிரி தெரியல."

ஃபெலிட்சியா சிரித்தார். அவர் சிரித்து நாங்கள் கேட்டதே இல்லை. ஸெனோனுக்குத் தைரியம் வந்துவிட்டது. கிழவனுக்கு இருமல், போலீஸ்காரனுக்கு அதட்டல், கழுதைக்குக்கூட ஏதோ படித்தார். படத்தில் கழுதைக்கு வசனம் இல்லை.

7

இப்போது முக்கியமான இடம். இதை மட்டும் நான் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை.

படத்தில் அந்த மீனவன் சந்தையில் ஒரு மீன்காரியின் முன்னால் வந்து நிற்பான். கீழே எழுத்து: "மத்தி என்ன விலை?" அவ்வளவுதான் அவன் வசனம்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஸெனோன் தொண்டையைச் செருமினார். பிறகு அறிவிப்புத் தொனி இல்லாமல், தட்டுத்தடுமாறிப் படித்தார்.

"'நீங்க இங்க உக்காந்திருந்தா... வீட்ல வேற குரலே வேண்டாம்னு தோணுது. அடுத்த ஞாயிறும் வருவீங்களா?'"

ஆல்டோனா என் கையைப் பிடித்தாள். "அப்படியா வரும் படத்துல?"

"மத்தி," என்றேன். "மத்தி விலை கேக்கறான்."

பிறகு ஃபெலிட்சியா, மெதுவாக: "அதுக்கு மீன்காரி என்ன சொல்றா? படிங்க."

"அது... எழுத்து இன்னும் வரலைங்க."

பொய். அது வந்து போயிருக்கும். "நேற்றைய விலைதான்" என்பாள் அவள். ஃபெலிட்சியா ஏதோ சொன்னார். ஆனால் அந்த நேரம் பார்த்துப் படத்தில் புயல் அடிக்கும், நான்தான் சொன்னேனே, பாதிப் படம் அலை. நாங்கள் காதை ஒட்டிவைத்தும் ஒன்றும் கேட்கவில்லை. இந்த இயக்குநரை எனக்கு இனிமேல் பிடிக்காது.

8

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

அ) ஃபெலிட்சியா "கேக் நல்லா இருந்துச்சு" என்று சொல்லி மேலே போய்விடுகிறார். [எழுதும்போதே கை வரவில்லை.]

ஆ) இருவரும் கல்யாணம் செய்துகொள்கிறார்கள், வாழ்த்துரை படிக்க ரோமுவால்ட் வருகிறார், அதே தொனியில்— [ஆல்டோனா இதற்கு அரை மணி நேரம் சிரித்தாள். ஆனாலும் கூடாது.]

இ) எழுத வேண்டியிருக்கவில்லை. அடுத்த ஞாயிறு கீழ்த்தளத்தில் நான் ஏறிய லிஃப்டில் ஃபெலிட்சியாவே ஏறினார். கையில் துணி மூடிய தட்டு, கசகசா ரோல் வாசனை. மூக்கில் கண்ணாடி.

"எங்களப் பத்தி எழுதறீங்களாமே? ஆல்டோனா சொன்னா."

"பேர மாத்திடறேன்."

"எதுக்கு? நல்ல பேருதானே. ஒண்ணு தெரிஞ்சுக்கங்க, அன்னிக்குக் கண்ணாடி என் சட்டைப் பையிலதான் இருந்துச்சு. நடுவுல எடுத்து மாட்டிக்கிட்டேன். அந்த மனுஷன் திரையவே பாத்துக்கிட்டிருந்தாரு, என்னப் பாக்கல."

"அப்ப மத்தி...?"

"மத்தி விலையத்தான் கேட்டான். எனக்குப் படிக்கத் தெரியும்."

"நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

"எழுத்தாளர் நீங்களா நானா?"

லிஃப்ட் எங்கள் தளத்தில் நின்றது. நான் வெளியே வந்தேன். அவரும் வந்தாரா, இல்லை கதவு மூடி மேலே போனதா, அவர் காலில் தெருச் செருப்பு இருந்ததா, சிவப்பு இருந்ததா, எல்லாம் எனக்குத் தெரியும். எழுதப்போவதில்லை. சுவர் வழியாகத் திருடியவனுக்கு அந்த அளவு மரியாதையாவது வேண்டும்.

மீன்காரியின் பதிலை நீங்கள் எழுதுங்கள். திரையின் அடியில் இரண்டு வரிக்குமேல் இடம் கிடையாது, வேகமாகவும் போகக்கூடாது. சத்தம் போட்டுப் படிக்க ஸெனோன் காத்துக்கொண்டிருக்கிறார்.