பேர் வெட்டிய டப்பா

இரண்டு கோப்புகளையும் திரையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து மேலாளர் ஸ்ரீகாந்துக்குக் காட்டினாள் நிவேதிதா. ஒன்று, மார்ச்சில் அவள் எழுதிப் பொதுக் கோப்புறையில் போட்டுவைத்த மென்பொருள். இன்னொன்று, போன வாரம் கிஷோர் தன்னுடையது என்று கொடுத்தது. பேர்தான் வேறு. கணினி கணக்கிட்டுக் கொடுத்த ஹேஷ், கோப்புக்குக் கைரேகை போன்ற அந்த நீள எழுத்து வரிசை, இரண்டுக்கும் ஒன்றே.

“பேரை மாத்தினா இது மாறாது சார். உள்ள ஒரு எழுத்து மாறினாக்கூட மொத்தமா மாறிடும். ரெண்டும் ஒரே ஃபைல். நான் எழுதினது.”

ஒப்பந்தத்தில் இருக்கும் இவர்கள் இருவரில் ஒருவரைத்தான் இந்த மாதம் நிரந்தரமாக்கப் போகிறார்கள். ஸ்ரீகாந்த் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நாளைக்குப் பாக்கலாம்மா.” அவருக்கு கிஷோரைப் பிடிக்கும். கிரிக்கெட் பேச ஆள் வேண்டுமே.

மறுநாள் அவரே கூப்பிட்டுக் காட்டினார். கிஷோரின் கோப்புக்கு இப்போது சம்பந்தமே இல்லாத வேறு ஹேஷ். நிவேதிதா அங்கேயே இரண்டையும் திறந்து வரிவரியாக ஒப்பிட்டாள். கடைசி வரிக்குப் பின்னால் ஒரு வெற்றிடம் கூடியிருந்தது. ஸ்பேஸ் பாரை ஒரு தட்டு தட்டியிருக்கிறான், அவ்வளவுதான்.

“ஒரே ஒரு ஸ்பேஸ் சார்…”

“ஏம்மா, ஒரே ஃபைலா இருந்தா ஒரே ஹேஷ்னு நீதானே சொன்ன? இப்ப வேற வேறயா இருக்கே. என்னை என்ன பண்ணச் சொல்ற?”

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான். அந்த ஸ்பேஸ் சங்கதியை கிஷோருக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். ஆவடி ரயிலில், அம்மா டப்பாவில் கட்டிக்கொடுத்த புளிச்சோற்றில் பாதியை அவனுக்குத் தள்ளிக்கொண்டே.

சாயங்காலம் அம்பத்தூர் ஸ்டேஷனில் அவன் பின்னாலேயே ஓடி வந்தான்.

“இன்னா நிவே, கோச்சிக்கினு போற? எங்க ஊட்டு நெலம தெரியும்ல? நீ கெட்டிக்காரி, உனுக்கு எங்கியாச்சும் கெடைக்கும்.”

அவன் பையிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்து நீட்டினான்.

“இந்தா, அன்னிக்கு எங்கையிலயே வுட்டுட்ட. மூடியில உங்கம்மா பேரு வெட்டிக்கீது பாரு, அதான் பத்ரமா வச்சிருந்தேன். அடுத்தவங்க பொருளு நமக்கு எதுக்கு?”

நன்றாகத் தேய்த்துக் கழுவித்தான் கொண்டுவந்திருந்தான். ஆவடி வண்டி வந்து நின்றது. கிஷோர் முண்டியடித்து ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் வழக்கம்போல அவளுக்காகத் தன் பையை வைத்தான். பாத்திரக்கடைக்காரர் புள்ளி புள்ளியாக வெட்டிய ‘புஷ்பா’வைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டு, நிவேதிதா பிளாட்பாரத்திலேயே நின்றாள்.