ஒற்றையாகப் போகக் கூடாத காடு

1.

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. சொன்னவன் நான்தான். மூன்று வாரத்துக்கு முன் கறம்பக்குடிப் பக்கம் ஒரு கோயில்காட்டைப் பார்க்கப் போனேன். சுற்றிக் காட்டிய பிரகதாம்பாளிடம் கிளம்பும்போது, "மாசக் கடைசி ஞாயிறு இருபது பேரோட வாரேம்மா" என்றேன்.

[இருபது எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். பஸ் நகர்ந்துகொண்டிருந்தது. வாய் சொல்லிவிட்டது.]

2.

முதல் தொடக்கம்: "வறண்ட புதுக்கோட்டைச் சீமையில் ஒரு பச்சைப் பொக்கிஷமாக—"

சீ! துண்டுப் பிரசுரம்.

இரண்டாவது: "பிரகதாம்பாள் தன்னம்பிக்கையின்—"

அவளை எனக்கு அரை நாள்தான் தெரியும். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

ஊர்ப் பெண்கள் ஐந்து பேர் சேர்ந்து வெளியாட்களுக்கு அந்தக் காட்டைச் சுற்றிக் காட்டிவந்தார்கள். அந்த வருமானத்தில் காவலுக்கு ஆள் போட்டார்கள், மரவெட்டு நின்றது. பிறகு ஒருத்தி கல்யாணமாகிப் போனாள். மூன்று பேர் திருப்பூருக்கு வேலைக்குப் போனார்கள். மிச்சம் பிரகதாம்பாள். பார்க்க வருகிறவர்களும் குறைந்துபோக, காவலும் போயிற்று. தை பிறந்ததும் மேற்குப் பக்கத்தை வெட்டித் தைலமரம் வைக்கலாம் என்று ஊரில் பேச்சு.

இன்னொன்றும் உண்டு. அது அய்யனார் கோயில்காடு; அதற்குள் ஒற்றையாக யாரும் நுழையக் கூடாது. செருப்பைக் கழற்றிவிட்டு, குறைந்தது இரண்டு பேராகத்தான் போக வேண்டும். அது ஊர்க் கட்டு. ஆள் வராவிட்டால் அவளும் வெளியேதான்.

"ஊர்ல யாரையாச்சும் கூப்பிடலாமே?" என்று கேட்டேன்.

"கூப்பிட்டேன். மரத்த எண்ணப் போறியாக்கும்னு சிரிக்கிறாக."

3.

அன்று சாயங்காலம் வீரை மரங்களுக்கு அடியில் முன்னால் போனவள் சட்டென்று நின்றாள்.

"பேசாதீங்க. ஆறுமணிக்குருவி."

விசில் மாதிரி ஒரு குரல். காலையில் ஆறு மணிக்கும் மாலையில் ஆறு மணிக்கும் கூப்பிடுமாம்.

"வடக்கேருந்து ஒத்தையா வருது. வருசா வருசம் இதே எடந்தான்."

"அதுக்கு ஊர்க் கட்டு இல்லையாக்கும்?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "அதான் அப்படிக் கூப்புடுது" என்றாள்.

[இந்த இடத்தில் அவள் கண் கலங்கியதாக எழுதியிருந்தேன். கலங்கவில்லை. கலங்கியது யாருடைய கண் என்பதை அடிக்குறிப்பில்கூடச் சொல்ல மாட்டேன்.]

4.

நேற்று போன் வந்தது.

"அண்ணே, இருபது பேரு வாராகன்னு ஊர்க்கூட்டத்துல சொல்லிட்டேன். ஞாயித்துக்கெழம பாத்துட்டு, வெட்டுறதா வேணாமான்னு முடிவு பண்ணிக்கிருவோம்னுட்டாக. சாப்பாடு கோழியா, சைவமாங்க?"

"ரெண்டும்" என்றேன். பாவி, அப்போதும் உண்மை வரவில்லை.

என் கைப்பேசியில் முந்நூறு பெயர்கள் இருக்கின்றன. பதினொரு பேரைக் கூப்பிட்டேன். ஒருவர், "யாரு பேசுறது?" என்று கேட்டார். அதோடு நிறுத்திக்கொண்டேன். எனக்கென்று இருபது பேர் எப்போது இருந்தார்கள்?

முடிவு ஒன்று: வேனில் இருபது பேர் வந்து இறங்குகிறார்கள். ரம்யா, எழிலரசன், ஜோஸ் என்று பெயர்கூட வைத்துவிட்டேன். ஆனால் நான் எழுதிய ஆட்களை ஊர்க்காரர்கள் எப்படிக் கண்ணால் பார்ப்பார்கள்?

முடிவு இரண்டு: நான் போகவே இல்லை. அவள் இருபது இலையைக் கழுவி அடுக்கிவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு—

இதை முடிக்க எனக்குத் தைரியம் இல்லை.

5.

இன்று சனிக்கிழமை. சற்று முன்பு நானே கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். "யாரும் வரலம்மா. நான் மட்டுந்தான். அன்னைக்குச் சொன்னது பொய்."

அவள் கேட்டது ஒன்றுதான்.

"நீங்க வாரீங்கல்ல?"

"வாரேன்."

"அப்ப ரெண்டு பேராச்சு. நான் உள்ள போயி இருபத்தொரு நாளாச்சுண்ணே. அந்தக் குருவி இருக்கா, போயிருச்சான்னுகூடத் தெரியல. கூட்டத்துல வாங்குற பேச்ச நான் வாங்கிக்கிறேன். நீங்க வந்துருங்க."

ஊர் என்ன முடிவெடுக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதினால் அது இரண்டாவது பொய். உள்ளே போக இரண்டு பேர் போதும். காடு நிற்பதற்குப் போதாது.

நாளைக் காலை ஆறேகாலுக்குப் புதுக்கோட்டையிலிருந்து கறம்பக்குடி பஸ். பக்கத்து சீட்டில் என் பையை வைத்திருப்பேன். நீங்கள் வந்து கேட்டால் எடுத்துவிடுகிறேன்.